மலையில் வளரும் பிள்ளைகள் தம் காலில் நிற்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கங்களில் 12 முதல் 18 வயது வரை பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இவை. பாதி பெற்றோர் கேட்டவை, மீதி பிள்ளைகளே கேட்டவை. கேட்ட வார்த்தையிலேயே போட்டிருக்கிறோம். பிள்ளை வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை சமவெளி ஊர்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. இங்கே கடைசி பஸ், மூடுபனி, காட்டெருமை, காயாத துணி எல்லாம் கணக்கில் வரும்.

எந்த வயசுல எதை விடலாம்? ஒரு கணக்கு சொல்லுங்க.

வயது ஒரு உத்தேசம்தான். 12, 13 வயதில் தன் துணி, பை, படுக்கை மூன்றும் முழுக்கத் தன் பொறுப்பாகிவிடலாம். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி மீதிக் காசுக்குக் கணக்குச் சொல்லலாம். 14, 15இல் ஒரு வேளைச் சமையல், அரை நாள் வீட்டைப் பார்த்துக்கொள்வது, பகலில் பக்கத்து ஊருக்குப் போய்வருவது, தன் பெயரில் சேமிப்புக் கணக்கு. 16, 17இல் மலை இறங்கிப் போய்த் திரும்புவது, தாலுகா அலுவலகம், வங்கி போன்ற இடங்களில் தன் வேலையைத் தானே முடிப்பது, ஒரு மாதச் செலவைத் தானே நடத்துவது.

வயதைவிட வரிசைதான் முக்கியம். கெட்டுப்போனால் சரிசெய்துவிடக்கூடிய வேலை முன்னால் வரட்டும், சரிசெய்ய முடியாதது பின்னால் வரட்டும். சாம்பார் தீய்ந்தால் இன்னொரு தடவை வைக்கலாம். கேஸ் வால்வைத் திறந்துபோட்டால் அப்படியில்லை. எனவே காய் நறுக்குவதும் தாளிப்பதும் கைவந்த பிறகு, பெரியவர் பக்கத்தில் நிற்க அடுப்பு, அதன்பின் ஆளில்லாத நேரத்தில் அடுப்பு.

சொன்னா செய்யறான், சொல்லலேன்னா அசைய மாட்டேங்கறான். இது எப்ப மாறும்?

நீங்கள் சொல்வதை நிறுத்தும்போது. ஒரு வேலையில் கையால் செய்யும் பகுதி பாதிதான். ஞாபகம் வைத்திருப்பது, எப்போது செய்வது என்று முடிவெடுப்பது, என்ன தீர்ந்துபோச்சு என்று பார்ப்பது மறு பாதி. "போய்க் குப்பையைப் போட்டுட்டு வா" என்று சொல்லும்போது அந்த மறு பாதியை அம்மாவே வைத்துக்கொள்கிறார். பையனுக்கு நடை மட்டும்தான் கிடைக்கிறது.

ஒரே ஒரு வேலையை முழுசாகக் கொடுங்கள். குப்பையையே எடுத்துக்கொள்வோம். மக்குவதையும் மக்காததையும் பிரிப்பது, வண்டி வரும் நாளும் நேரமும் தெரிந்திருப்பது, அதுவரை கரடி, காட்டுப்பன்றி, குரங்கு கிளறாதபடி இறுக மூடிய டப்பாவில் வீட்டுக்குள்ளேயே வைப்பது, டப்பாவைக் கழுவுவது எல்லாம் சேர்ந்து ஒரு வேலை. முதல் வாரம் கூட நின்று காட்டுங்கள். இரண்டாம் வாரம் அவன் செய்யட்டும், நீங்கள் பார்த்தால் போதும். மூன்றாம் வாரத்திலிருந்து வாயைத் திறக்காதீர்கள். வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டிவரை நாறட்டும். அந்த நாற்றம் தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக அம்மாவே செய்து முடித்துவிடுவதில்தான் பல வீடுகளில் இது கெட்டுப்போகிறது.

சமையல்ல முதல்ல எதைக் கத்துக்கொடுக்கணும்? வீடியோ பார்த்துச் செஞ்சா பருப்பு வேகவே மாட்டேங்குது.

வீடியோ சமவெளியில் எடுத்தது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே 92, 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும். குன்னூரில் 94 வாக்கில். கொதிக்கிறதே தவிர வேகும் அளவுக்குச் சூடு இல்லை. திறந்த பாத்திரத்தில் பருப்போ பட்டாணியோ வேகாமல் விறைத்து நிற்பது அதனால்தான். குக்கரில்கூட உள்ளே சமவெளியைவிட 4, 5 டிகிரி குறைவாகத்தான் இருக்கும்.

ஆகவே முதல் பாடம் குக்கர். துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, 15 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். விசில் எண்ணிக்கை அடுப்புக்கு அடுப்பு மாறும், நிமிடம் மாறாது. சாதத்துக்கு ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீரில் தொடங்கி அரிசிக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கலாம். கீழே 3 விசில் என்றால் இங்கே 4 அல்லது 5. சாதமானால் குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது, பருப்பானால் பாதிக்கு மேல் கூடாது. பருப்பு நுரைத்து ஆவித்துளையை அடைக்கும். வெயிட் போடும் முன் அந்தத் துளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது பழக்கமாகட்டும். தானாக அழுத்தம் இறங்கும்வரை மூடியில் கை வைக்கக்கூடாது. ராஜ்மா வைப்பதாயிருந்தால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக மசியும்வரை வேகவைக்கணும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும்.

இரண்டாம் பாடம் மாவு. டிசம்பர், ஜனவரியில் 8 மணி நேரத்தில் மாவு பொங்காது. 15 முதல் 18 மணி நேரம்கூட ஆகும். வெந்தயம் ஒரு ஸ்பூன் சேர்த்து அரைத்து, கையாலேயே நன்றாகக் கலந்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் இறக்கி வைக்கணும். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும், அதற்குமேல் போனால் ஓரத்து மாவு வெந்துவிடும். ஒரு பிள்ளை காலையில் இட்லி வேண்டும் என்று முந்தின நாள் மத்தியானமே திட்டமிட்டு அரைத்துவைக்கிறது என்றால், அதற்குச் சமையலோடு நாளைத் திட்டமிடவும் தெரிந்துவிட்டது.

கேஸ் சிலிண்டர்னாலே பயமா இருக்கு. பிள்ளை கையில எப்படிக் குடுக்கறது?

பயத்தை வேலையாக மாற்றிக் கொடுங்கள். ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுவது பிள்ளையின் பொறுப்பாகட்டும். டியூப்பில் அச்சிட்ட தேதியைப் பார்த்து 5 வருடம் ஆகியிருந்தால் மாற்றச் சொல்லட்டும். சிலிண்டர் வந்து இறங்கியதும் கைப்பிடிப் பட்டையில் உள்ள குறியைப் படிக்கட்டும். ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் வருடத்தின் நான்கு காலாண்டுகள், பக்கத்தில் உள்ள எண் வருடம். அந்தத் தேதி தாண்டியிருந்தால் வாங்க வேண்டாம். இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

வாசனை வந்தால்: சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய், கேஸ் கசிவு அவசர எண் 1906க்கு அடிக்கணும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவும் திறக்கணும். குளிர் நாட்களில் சிலிண்டர் தீரப்போகும்போது தீ சோர்ந்து எரிவது வழக்கம். உள்ளே உள்ள திரவம் குளிரில் சரியாக ஆவியாவதில்லை. அதற்காகச் சிலிண்டரைச் சுடுதண்ணீரிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்கக் கூடவே கூடாது.

குளிருக்கு ரூம்ல கரி அடுப்பு வெச்சுக்கறோம். புகையே வராதே, பிள்ளைங்க ரூம்லயும் வெக்கலாமா?

வைக்கக்கூடாது. உங்கள் அறையிலும் கூடாது. இங்கே சொன்னதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கரி கனன்று எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னலை அடைத்துவிட்டுத் தூங்கினால் தூக்கத்திலேயே உயிர் போகும். ஊட்டி, கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்கியவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். புகை இல்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளமே இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் வெளிக்காற்றுக்கு வந்து 108ஐக் கூப்பிடணும்.

குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரிலும் இதே ஆபத்து. அதை வெளியே மாற்றிவிடுவதுதான் சரி. மாற்றும்வரை வாளியை நிரப்பி, கீசரை அணைத்து, கதவைத் திறந்து காற்றுப் போகவிட்டு, பிறகு குளிக்கப் பழக்குங்கள். தண்ணீர் சூடாக்கும் கம்பி ஹீட்டர் என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்கணும். 1,500 வாட் ஹீட்டரில் 15 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் குளிக்கும் சூட்டுக்கு வர 20, 25 நிமிடம் ஆகும், அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக மின்சாரம் போகும். இந்தக் கணக்கைப் பிள்ளையே போட்டுப் பார்க்கட்டும். ஹீட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோகும் பழக்கம் அதோடு குறையும்.

மழை மாசத்துல துணி காயறதே இல்லை. அவங்க துணியை அவங்களே துவைக்கணும்னா யூனிஃபார்ம் ஈரமாத்தான் போகும்.

கூடலூர், ஊட்டி மேற்குப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகத் துவைப்பது பலிக்காது. வந்தன்றே சட்டையை மட்டும் அலசி, காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, முழங்காலால் அழுத்தி எடுத்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு ஹேங்கரில், அடுப்பிலிருந்து ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளித் தொங்கவிடணும். பேன்ட் வாரத்துக்கு இரண்டு தடவை போதும், உள்ளாடையும் சாக்ஸும் தினமும். ஈரத்தோடு மடித்து அலமாரியில் வைத்தால் கரும்புள்ளி விழும், அது போகாது.

பஸ்ல தனியா எப்ப அனுப்பலாம்? ஹட்டியிலிருந்து கோத்தகிரி போகக்கூட பயமா இருக்கு.

நாலு படியாகப் போங்கள். முதலில் நீங்கள் கூடப் போங்கள், ஆனால் பிள்ளைதான் கூட்டிக்கொண்டு போகணும்: பஸ்ஸை விசாரிப்பது, டிக்கெட் எடுப்பது, இறங்கும் இடம் சொல்வது எல்லாம் பிள்ளை. அடுத்து, அதே பஸ்ஸில் நீங்கள் பின்சீட்டில். மூன்றாவது, தனியாக ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் தெரிந்தவர் நிற்பது. நாலாவது, இரண்டு பக்கமும் தனியாக. ஒவ்வொரு படியும் பிசகில்லாமல் இரண்டு மூன்று தடவை நடந்தால் அடுத்தது.

மலையில் பஸ் பயணத்தின் உயிர்நாடி கடைசி பஸ். அதற்கு முந்தின பஸ்ஸில் திரும்புவது என்று வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் பனியில் தாமதமாகும், சில நாள் வராமலே போகும். தவறிவிட்டால் எங்கே நிற்பது என்பதைப் போகும் முன்னாலேயே முடிவு செய்யணும்: பஸ் ஸ்டாண்டில் நேரக்காப்பாளர் அறை, தெரிந்த கடை, இல்லாவிட்டால் காவல் நிலையம். டூரிஸ்ட் வண்டியில் லிஃப்ட் கேட்பது கிடையாது. 200 ரூபாய் பர்ஸில் இல்லாமல் வேறொரு இடத்தில், இரண்டு போன் நம்பர் மனப்பாடமாக, பையில் ஒரு டார்ச், ஒரு ஸ்வெட்டர். டவர் கிடைக்காத இடங்கள் நிறைய இருப்பதால் "இத்தனை மணிக்கு மேல் ஒரு மணி நேரம் பார்ப்போம், அப்புறம் தேடுவோம்" என்று பேசி வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் பதறாது. சீசன் மாதங்களிலும் தொடர் விடுமுறைகளிலும் அந்த ஒரு மணி நேரத்தை இரண்டாக்குங்கள்.

இறங்கி நடக்கும் சாலை பற்றி ஒன்று. நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடக்கணும். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் நிற்கவே கூடாது. பஸ்ஸின் முன்சக்கரம் அகலமாகத் திரும்பினாலும் பின்சக்கரம் உள்பக்கத்தை ஒட்டி வெட்டிக்கொண்டு வரும். டிரைவருக்கு அங்கே நிற்பவர் தெரியமாட்டார்.

டியூஷன் முடிஞ்சு வரும்போது வழியில காட்டெருமை நின்னா என்ன செய்யறது?

காத்திருப்பது. அல்லது சுற்றிப் போவது. காட்டெருமை தானாகத் தேடிவந்து முட்டுவது அபூர்வம். அது போக வழியில்லாமல் நாம் அடைத்துக்கொண்டாலோ, கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் புகுந்தாலோ, நாய் குரைத்துக் கிளப்பிவிட்டாலோதான் பெரும்பாலும் பாயும். குறைந்தது 50 அடியாவது தள்ளி, அது பார்க்கும்படி, அமைதியாக நிற்கணும். சீறுவது, தலையைத் தாழ்த்துவது, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித் தன் உயரத்தைக் காட்டுவது எல்லாம் எச்சரிக்கை. அப்போது முதுகைக் காட்டி ஓடாமல் பின்னால் அடி வைத்துப் போய், ஒரு சுவர், வண்டி, பெரிய மரம் ஏதாவது நடுவில் வரும்படி செய்துகொள்ளணும். போனில் படம் எடுக்க நெருங்குவது, டார்ச்சைக் கண்ணில் அடிப்பது இரண்டும் வேண்டாம்.

கரடிக்கு வேறு வழி. கரடியை அருகில் திடுக்கிடச் செய்வதுதான் ஆபத்து. தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இருட்டும் நேரத்திலும் விடியும் முன்னும் பேசிக்கொண்டோ, கம்பைத் தட்டிக்கொண்டோ நடந்தால் அதுவே விலகிப்போகும். காதில் இயர்போனோடு அந்தப் பாதையில் நடக்கக்கூடாது. கூடலூர், பந்தலூர், மசினகுடி, குஞ்சப்பனைப் பக்கம் யானை உண்டு. அங்கே மாலை 6 மணிக்குமேல் தனி நடை கிடையாது என்று தெளிவாக வைத்துவிடுங்கள். இது பிள்ளைமேல் உள்ள நம்பிக்கைக்குறைவு இல்லை. பெரியவர்களுக்கும் அதே சட்டம்தான் என்று நீங்களும் நடந்து காட்டினால் மல்லுக்கட்டே வராது.

நாங்க ரெண்டு பேரும் எஸ்டேட் வேலைக்குப் போயிடறோம். மழை நாள்ல பிள்ளை தனியா வீட்டுல இருந்தா?

கரண்ட் போவதும் டவர் போவதும் அங்கே சாதாரணம். டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி எங்கே என்று இருட்டிலும் கை போகும்படி ஒரே இடத்தில் இருக்கட்டும். அவசர எண்கள் தாளில் எழுதிச் சுவரில்: 112 எல்லாவற்றுக்கும், 108 ஆம்புலன்ஸ், 1077 மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை, 1098 குழந்தைகள் உதவி. 112ஐ நம் சிம்முக்கு டவர் இல்லாதபோதும் வேறு கம்பெனி டவர் கிடைத்தால் அடிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

மண்சரிவு பற்றிப் பிள்ளைக்கு நேராகச் சொல்லிக்கொடுங்கள். 2009 நவம்பர் சரிவில் நீலகிரியில் பலர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தரையிலோ சுவரிலோ புது விரிசல், கதவு திடீரென்று இறுகுவது, மரமும் கம்பமும் சாய்வது, தெளிவாக ஓடிய ஊற்று கலங்கலாக மாறுவது, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் பையை எடுக்காமல் வெளியேறணும். ஓடையோடு கீழே இறங்கக்கூடாது, சரிவுக்குக் குறுக்காகப் பக்கவாட்டில் போகணும். போய்ச் சேரும் வீடு எது என்பதை அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்கணும். பெற்றோர் வந்து கூட்டிப்போகும்வரை வீட்டிலேயே இரு என்ற கட்டளையைச் சரிவுக்கு மட்டும் தளர்த்திவிடுங்கள். அந்த முடிவைப் பிள்ளைதான் எடுக்கணும்.

கைச்செலவுக்கு எவ்வளவு குடுக்கலாம்? குடுத்தா நாலு நாள்ல காலி பண்ணிடறாளே.

தொகை முக்கியமில்லை, அது எதற்கு என்பதுதான் முக்கியம். தின்பண்டத்துக்கு மட்டும் கொடுத்தால் தின்று தீர்க்கத்தான் கற்றுக்கொள்வாள். போன மாதம் அவளுக்காக உண்மையில் செலவானதைக் கூட்டிப் பாருங்கள்: பஸ், நோட்டு, ரீசார்ஜ், இடைவேளைப் பண்டம், நாப்கின். அந்தத் தொகையை அவளிடமே கொடுங்கள். முதல் இரண்டு மாதம் வாரா வாரம், பிறகு 15 நாளுக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. தேதி, எதற்கு, எவ்வளவு என்று மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டு போதும்.

நாலு நாளில் தீர்ந்தால் பஸ்ஸுக்கும் நாப்கினுக்கும் பணம் கொடுங்கள், மற்றது கிடையாது. திட்டவும் வேண்டாம். இரண்டாவது மாதமே தேதியைப் பார்த்துச் செலவு செய்வாள். மேலே குப்பை விஷயத்தில் சொன்னதுதான் இங்கேயும்: நடுவில் நீங்கள் நிரப்பிவிட்டால் கற்றுக்கொள்ள வேண்டியது கையை விட்டுப் போய்விடும்.

18 ஆகாம பேங்க் அக்கவுண்ட் தனியா வெச்சுக்க முடியுமா?

முடியும். 10 வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. எவ்வளவு தொகைவரை, ஏ.டி.எம். கார்டு உண்டா என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். தபால் நிலையத்திலும் 10 வயதுக்கு மேல் சொந்தப் பெயரில் தொடங்கலாம், 500 ரூபாய் இருந்தால் போதும். எஸ்டேட் ஊர்களில் வங்கி தூரமாகவும் தபால் நிலையம் பக்கத்திலும் இருப்பதால் இது நல்ல வழி. 18 ஆனதும் புதுக் கையெழுத்துக் கொடுத்து மாற்றணும்.

சலானை பிள்ளையே எழுதட்டும். தப்பாக எழுதிக் கிழித்து இன்னொன்று எழுதட்டும், வரிசையில் பின்னால் நிற்பவரைப் பார்த்து நீங்கள் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். போனில் பணம் அனுப்பத் தொடங்கும்போது ஒன்றைச் சொல்லிவையுங்கள்: நமக்குப் பணம் வர ரகசிய எண் (PIN) போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் அது திருட்டு. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அடிக்கணும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் தப்பும்.

சர்டிபிகேட் வேலையெல்லாம் அப்பாதான் அலையறார். பிள்ளை எதைச் செய்யலாம்?

பெயர் சரிபார்ப்பது முதல் வேலை. ஆதார், பள்ளிப் பதிவேடு, சாதிச் சான்றிதழ் மூன்றையும் மேஜையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது உட்பட ஒப்பிடட்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பள்ளி பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன் இது முடியணும். மதிப்பெண் பட்டியலில் அச்சாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. 15 வயதானதும் ஆதாரில் கைரேகை, கருவிழி புதுப்பிப்பது கட்டாயம். 17 வயதுக்குள் செய்தால் கட்டணமில்லை. உதவித்தொகைகள் பெரும்பாலும் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் வரும்.

வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் பட்டதாரிச் சலுகை வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. 17 வயதிலேயே வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

லீவுல கடையில வேலைக்குப் போறேங்கறான். விடலாமா?

14 வயது ஆகாவிட்டால் சட்டப்படி கூடாது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வரை ஆபத்தில்லாத வேலைக்கு மட்டும் அனுமதி. கடையானால் ஓய்வையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம்தான், தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது, ஓவர்டைமும் கூடாது. ஏப்ரல், மே சீசனில் வர்க்கிக் கடை, சாக்லேட் கடைகளில் இரவு 10 வரை நிற்கச் சொன்னால் அது சட்டத்துக்கு மாறானது. சம்பளம், நேரம் இரண்டையும் பையனே முதலாளியிடம் முன்கூட்டிப் பேசட்டும். நீங்கள் ஒரு தடவை போய் முகம் காட்டிவிட்டு வந்தால் போதும்.

வீட்டில் தேயிலைத் தோட்டம் இருந்தால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மருந்தடிப்பதும் கவாத்துக் கத்தியும் இயந்திரக் கத்தரியும் வேண்டாம். இலைக் கணக்கைக் கொடுங்கள்: இன்று எத்தனை கிலோ போச்சு, ஈரத்துக்கும் முற்றின இலைக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள், ஆள் கூலி எவ்வளவு, உரம் எவ்வளவு, மாத விலை அறிவித்த பிறகு கையில் நின்றது எவ்வளவு. இதை மூன்று மாதம் எழுதிய பிள்ளை வீட்டில் பணம் ஏன் இல்லை என்று ஒருநாளும் கேட்காது.

ஸ்கூட்டி ஓட்டத் தெரியும், பக்கத்துலதானே, கடைக்கு மட்டும்?

வேண்டாம். 18க்கு முன் லைசென்ஸ் கிடைப்பது 16 வயதுக்கு மேல், பெற்றோர் சம்மதத்தோடு, 50 சிசிக்கு உட்பட்ட கியரில்லா வண்டிக்கு மட்டும். சாதாரண ஸ்கூட்டி எல்லாம் 100 சிசிக்கு மேல். பிடிபட்டால் பெற்றோருக்கு அல்லது வண்டிக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம்வரை சிறையும் உண்டு, வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. 25 கி.மீ. வேகத்துக்கும் 250 வாட்டுக்கும் உட்பட்ட சின்ன மின்வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் அது நம் ஏற்றத்தில் ஏறத் திணறும்.

பையனுக்கு இதெல்லாம் சரி. பொண்ணை எப்படி விடறது?

இதே வரிசையில், இதே வயதில். பெண்ணுக்கு ஆபத்து கூடுதல் என்றால் பயிற்சியும் கூடுதலாகத் தேவை. வீட்டிலேயே வைத்திருந்து 18இல் திடீரென்று ஹாஸ்டலில் கொண்டுபோய் விடுவதுதான் அவளுக்குப் பெரிய ஆபத்து. பஸ்ஸில் யாராவது தொந்தரவு செய்தால் சத்தமாக, கண்டக்டரைக் கூப்பிட்டு, "இவர் மேலே இடிக்கிறார், இறக்கிவிடுங்க" என்று சொல்ல வீட்டில் வாய்விட்டுப் பழகிப் பார்க்கணும். 181 பெண்கள் உதவி எண். நடந்ததை வீட்டில் சொன்னால் "இனிமே போகாதே" என்ற பதில் வரும் என்று தெரிந்தால் அவள் அடுத்த தடவை சொல்லமாட்டாள். அதனால் அந்தப் பதிலை நீங்கள் முன்கூட்டியே கைவிட்டுவிடணும். பையன்களுக்கும் சமையலும் துணியும் அதே அளவுக்குக் கட்டாயம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

நான் 16. எதுக்குக் கேட்டாலும் "இன்னும் சின்னப் பிள்ளை"ங்கறாங்க. எப்படி நம்ப வெக்கறது?

பெரிதாகக் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். "கோயம்புத்தூர் போகணும்" என்றால் உடனே மறுப்புத்தான் வரும். ஒரு தாளில்: எந்த பஸ்ஸில் இறங்குவேன், மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலா பஸ்ஸா, யாரைப் பார்க்கிறேன், எத்தனை மணிக்குத் திரும்ப ஏறுவேன், குன்னூர் சாலை அடைத்தால் கோத்தகிரி வழியாக வருவேன், பஸ் தவறினால் இன்ன சித்தி வீட்டில் தங்குவேன், செலவு இவ்வளவு. கொடைக்கானல் பிள்ளைகளுக்கு அதுவே பழனி வழி, அடைத்தால் வத்தலக்குண்டு வழி. அம்மா கேட்கப்போகும் கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் அதில் இருந்தால் மறுக்கக் காரணம் குறையும்.

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து நில்லுங்கள். தாமதமானால் தாமதமாகும் முன்பே சொல்லுங்கள். தப்பு நடந்தால் வேறு வாய் மூலம் போகும் முன் நீங்களே சொல்லுங்கள். பெற்றோர் பயப்படுவது பெரும்பாலும் தங்களுக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது என்பதற்குத்தான்.

பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டா. ஜூன்ல கோயம்புத்தூர் ஹாஸ்டல். இதுவரைக்கும் எதுவும் கத்துக்கொடுக்கலை. இப்ப என்ன செய்ய?

இரண்டு மாதம் நிறையவே போதும். ஒரு வாரம் வீட்டையே ஹாஸ்டலாக்குங்கள்: தானே எழுவது, தன் துணி, தன் பணம், யாரும் எதையும் ஞாபகப்படுத்துவதில்லை. அந்த வாரம் எங்கே இடறினாளோ அதை மட்டும் அடுத்த வாரங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் பயணத்துக்கு மேலே சொன்ன நாலு படியைக் கல்லூரி வாசல்வரை ஒரே மாதத்தில் முடிக்கலாம். வளைவில் வாந்தி வருபவள் என்றால் முன்பக்கம் உட்கார்ந்து தூரச் சாலையைப் பார்க்கட்டும், போனைப் பார்க்க வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்.

மலைப் பிள்ளைகளுக்குக் கீழே முதலில் அடிப்பது வெயில். உடம்பு பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். அதுவரை தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்கணும், மத்தியான வெயிலில் விளையாட்டைத் தள்ளிப்போடணும். தலை சுற்றினால் நிழல், ஈரத்துணி, உப்புச் சர்க்கரைக் கரைசல். சுயநினைவு தடுமாறினால் உடனே ஆஸ்பத்திரி. கொசுவலை வாங்கிக்கொடுங்கள், ஸ்வெட்டர் ஒன்று போதும். குளிக்கிற, துவைக்கிற கணக்கும் மாறும். இங்கே இரண்டு நாள் போட்ட சட்டையை அங்கே ஒரு நாள்தான் போட முடியும். துணி சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும் என்பது ஒன்றே லாபம். அறை எடுத்துச் சமைப்பதாயிருந்தால் நம் விசில் கணக்கைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாதம் கஞ்சியாகும். மாவு ராத்திரிக்குள்ளேயே பொங்கி வழியும், பெரிய பாத்திரமாகப் பார்த்துக் கொடுத்தனுப்புங்கள்.